அடுத்த டியூட்டி சிஸ்டருக்காக எழுதுவது

செவிலியர் கல்லூரியின் முதல் ஆண்டிலேயே ஒரு வாசகத்தைக் காதில் போட்டுவிடுகிறார்கள்: எழுதாதது செய்யாததற்குச் சமம். பயிற்சிக்குப் போகும் வார்டில் இன்சார்ஜ் சிஸ்டர் அதைச் சொல்வார். வேலையில் சேர்ந்த பிறகு தரச்சான்று ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் சொல்வார். ஏதேனும் புகார் கிளம்பினால் மருத்துவமனையின் வழக்கறிஞரும் வந்து அதையே சொல்வார். வார்டுகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதிதாகச் சேரும் செவிலியர்களுக்குக் கேஸ் ஷீட், அதாவது நோயாளியின் சிகிச்சைப் பதிவு, எழுதக் கற்றுத்தரும் பொறுப்பில் இருக்கும் எனக்கு அந்த வாசகத்தின் மீது நெடுநாளைய மனக்குறை ஒன்று உண்டு. இந்தியச் சட்டம் எதிலும் அப்படியொரு விதி இல்லை. பதிவில் இல்லாததை நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும், மருத்துவமனைக்குப் பாதகமாக எடுத்துக்கொள்ளவும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் களைத்துப்போன ஓர் இளம் செவிலியரின் மனத்தில் அந்த வாசகம் தலைகீழாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. எழுதிவிட்டால் செய்ததாகிவிடும் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். நான் காணும் மோசமான பதிவுகளில் பெரும்பாலானவை இந்தத் தலைகீழ்ப் புரிதலில் எழுதித் தள்ளியவை.

நீதிமன்றத்தை மனத்தில் வைத்து எழுதப்படும் குறிப்பு நீதிமன்றத்தில் நிற்பதில்லை என்பது என் கருத்து. அடுத்த டியூட்டிக்கு வரும் சிஸ்டர் இந்த நோயாளியைத் தைரியமாகப் பொறுப்பெடுத்துக்கொள்ள என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமோ அதை எழுதினால், சட்டத்துக்கு வேண்டியது அதற்குள்ளேயே வந்துவிடும். இப்படிச் சொல்வதற்கான காரணம் சட்டத்திலேயே இருக்கிறது.

கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவையை 1995இல் உச்ச நீதிமன்றம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. இப்போது நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும், முந்தைய சட்டத்தைப் போலவே, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். அந்தப் புகார் மாவட்ட ஆணையத்தில் தொடங்கி, மாநில ஆணையம், தேசிய ஆணையம், உச்ச நீதிமன்றம் என்று படியேறினால் பல ஆண்டுகள் ஓடிவிடும். அதற்குள் அந்தச் செவிலியர் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்திருப்பார். வேலையை விட்டு வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போயிருக்கவும் கூடும். எப்போதோ ஓர் இரவில் மூன்றாம் படுக்கையில் இருந்தவருக்கு எத்தனை மணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது என்பது யாருக்கும் நினைவிருக்காது. சாட்சி சொல்பவர் தம் நினைவைப் புதுப்பித்துக்கொள்ள ஓர் எழுத்தைப் பார்க்கலாம் என்று 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 159ஆம் பிரிவு அனுமதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 162ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அனுமதிக்கு நிபந்தனை உண்டு. நிகழ்வு நடந்தபோதே சாட்சி அதை எழுதியிருக்க வேண்டும், அல்லது நிகழ்வு அவர் மனத்தில் பசுமையாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் கருதத்தக்க அளவுக்கு உடனடியாக எழுதியிருக்க வேண்டும். வேறொருவர் எழுதியதென்றால், அதே கால அளவுக்குள் சாட்சி அதைப் படித்து, சரியென்று அறிந்திருக்க வேண்டும். எத்தனை பக்கம் எழுதினார், எவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் எழுதினார் என்பதில் சட்டத்துக்கு அக்கறை இல்லை. எப்போது எழுதப்பட்டது, கண்ணால் கண்டவர் எழுதியதா என்ற இரண்டைத்தான் அது முதலில் பார்க்கிறது. காலையில் பொறுப்பேற்கும் சிஸ்டரும் அந்த இரண்டைத்தான் தெரிந்துகொள்ள விரும்புவார்.

இந்த இரண்டையும் ஒரேயடியாகக் குலைப்பது முன்கூட்டியே எழுதிவைக்கும் பழக்கம். இரவு டியூட்டியில் நான்கு மணிக்குச் சற்று ஓய்வு கிடைக்கும்போது ஆறு மணிக்கான வெப்பநிலை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை நிரப்பிவிடுவார்கள். ஆறு மணிக்கு ரத்தம் எடுக்கவும் ஆபரேஷனுக்குப் போகிறவர்களைத் தயார்செய்யவும் ஓட வேண்டியிருக்கும் என்பது அவர்கள் தரப்பு நியாயம். ஐந்தரை மணிக்கு இறந்துபோன நோயாளிக்கு ஆறு மணி ரத்த அழுத்தம் 110/70 என்று சார்ட்டில் இருந்த கதையைக் கேட்காத செவிலியர் எந்த ஊரிலும் இருக்க மாட்டார். எந்த மருத்துவமனையில் நடந்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் வேறொன்றைச் சொல்வதால் அதை நான் வார்டுக் கதையாகவே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி ஒரே ஒரு எண் அகப்பட்டுவிட்டால் அந்தக் கேஸ் ஷீட்டில் உண்மையாகப் பார்த்து எழுதிய மற்ற எண்களும் சேர்ந்து செத்துவிடும் என்பதற்குக் கதை தேவையில்லை.

இதைவிடப் பரவலான, ஆனால் யாரும் பொய்யென்று நினைக்காத ஒன்று இருக்கிறது. எந்த வார்டின் சார்ட்டை வேண்டுமானாலும் எடுத்து மூச்சு எண்ணிக்கை வரிசையை மட்டும் பாருங்கள். நிமோனியா நோயாளிக்கு 20, குடலிறக்க அறுவை முடிந்தவருக்கு 20, பல் பிடுங்க வந்தவருக்கும் 20. நாடிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கருவி இருக்கிறது. மூச்சை எண்ணுவதற்கு ஒரு நிமிடம் நின்று மார்பைப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் வகுத்து 2017இல் திருத்திய நியூஸ் என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை இங்கும் பல தனியார் மருத்துவமனைகள் பின்பற்றுகின்றன. அதில் மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் பூஜ்யம், 21 முதல் 24 வரை இரண்டு, 25 அல்லது அதற்கு மேல் மூன்று. மூன்று வந்தாலே மருத்துவரை அழைத்தாக வேண்டும். நாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் 20, எச்சரிக்கை மணி அடிக்காத எல்லையின் கடைசிப் படியில் நிற்கிறது. நோயாளி உண்மையில் 28 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால், அந்த எண் அவர் சீர்குலைவதைக் காட்டியிருக்க வேண்டிய ஒரே அடையாளத்தை அழித்துவிடுகிறது. அந்த நோயாளி இறந்து, வழக்கும் வந்துவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு மருத்துவ அறிவுகூடத் தேவைப்படாது. வார்டில் அன்று இருந்த எல்லாருக்கும் மூச்சு எப்படி 20 ஆக இருந்தது என்று கேட்டால் போதும்.

நேரத்தைப் பற்றி இன்னும் ஒன்று மட்டும். சுவர்க் கடிகாரம், செவிலியரின் கைபேசி, மானிட்டர், இ.சி.ஜி. இயந்திரம் என்று ஒரு வார்டில் நான்கு கடிகாரங்கள் நான்கு நேரம் காட்டும். இதயம் நின்ற நோயாளிக்கு முதலுதவி தொடங்கிய நேரம், அதற்குக் காரணமான இ.சி.ஜி. எடுக்கப்பட்ட நேரத்துக்கு முன்பாக வந்துவிடுவது இப்படித்தான். வாரம் ஒரு முறை கடிகாரங்களை ஒத்துப்பார்க்க ஆளை நியமிப்பது பெரிய வேலை இல்லை.

எழுதிவிட்டால் போதும் என்ற நம்பிக்கைக்கு எதிராக நான் வகுப்பில் எப்போதும் சொல்வது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த டார்லிங் வழக்கு. 1960 நவம்பர் 5ஆம் நாள், அமெரிக்கக் கால்பந்து விளையாடிய பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரின் கால் முறிந்து, சார்ல்ஸ்டன் நகரத்துச் சமூக மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடப்பட்டது. சிறிது நேரத்திலேயே அவருக்குத் தாங்க முடியாத வலி வந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, கறுத்து, பிறகு சில்லிட்டு மரத்துப்போயின. மருத்துவர் மறுநாள் விரல்களைச் சுற்றிக் கட்டைச் சற்று வெட்டிவிட்டார், அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் மேலே வெட்டினார், அதற்கும் மறுநாள் இருபுறமும் அறுத்துப் பிளந்தார். அப்போது காலிலும் வெட்டுப் பட்டது, ரத்தமும் நீரும் கசிந்தன, நாற்றம் வந்தது. இரண்டு வாரம் கழித்து செயின்ட் லூயிஸ் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றப்பட்டபோது காலின் பெரும்பகுதி அழுகியிருந்தது. பல அறுவைகளுக்குப் பிறகு முழங்காலுக்கு எட்டு அங்குலம் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

1965இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் மருத்துவமனைக்கு எதிரான தீர்ப்பை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பில் செவிலியர்களைப் பற்றிச் சொல்லப்பட்டிருப்பதைத்தான் நம் பாடநூல்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். காலில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று தேவையான அளவுக்கு அடிக்கடி செவிலியர்கள் சோதிக்கவில்லை என்று ஜூரி முடிவுக்கு வந்திருக்க இடமுண்டு. திறமையான செவிலியர்கள் ஆபத்தை உடனே கண்டுகொண்டிருப்பார்கள், சில மணி நேரத்தில் அது மீள முடியாத நிலைக்குப் போய்விடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நிலையில் மருத்துவரிடம் தெரிவிப்பதும், அவர் ஒன்றும் செய்யாவிட்டால் மருத்துவமனை நிர்வாகத்திடம் கொண்டுபோய் நடவடிக்கை எடுக்க வைப்பதும் செவிலியர்களின் கடமை. அமெரிக்கத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ‘விரல்கள் கறுத்துள்ளன, டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்ற வரியை ஒவ்வொரு டியூட்டியிலும் ஒருவர் மாற்றி ஒருவர் எழுதிக்கொண்டு போவதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வழக்கு எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட வரிகள் வரிசையாக இருந்தால், ஆபத்து தெரிந்தே எல்லாரும் சும்மா இருந்தார்கள் என்பதற்கு நாமே நம் கைப்பட எழுதிக் கொடுத்த சாட்சியமாக அது ஆகிவிடும்.

‘டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்பது நம் கேஸ் ஷீட்டுகளில் மிக அதிகமாகவும் மிகக் குறைந்த பயனோடும் எழுதப்படும் வாக்கியம். எந்த டாக்டர், எத்தனை மணிக்கு, நேரிலா தொலைபேசியிலா, அவரிடம் என்ன சொல்லப்பட்டது, அவர் என்ன பதில் சொன்னார் என்ற எதுவும் அதில் இல்லை. நாம் ஆங்கிலத்தில் எழுதுவதை இங்கே தமிழில் தருகிறேன். ‘02:10. மூச்சு 28, ஆக்சிஜன் 91, ரத்த அழுத்தம் 96/60, நாடி 118. டியூட்டி டாக்டருக்குத் தொலைபேசியில் இந்த நான்கு எண்களும் சொல்லப்பட்டன. முகக்கவசத்தில் ஆக்சிஜன் ஆறு லிட்டர் வைக்கச் சொன்னார். உத்தரவு திருப்பிச் சொல்லி உறுதிசெய்யப்பட்டது. 02:15 ஆக்சிஜன் தொடங்கப்பட்டது. 02:35 மூச்சு 30, ஆக்சிஜன் 92. டாக்டர் இன்னும் வரவில்லை. மீண்டும் அழைத்தபோது எமர்ஜென்சியில் இருப்பதாகச் சொன்னார். 02:38 மூத்த மருத்துவருக்கு அழைக்கப்பட்டது, நைட் சூப்பர்வைசருக்கும் தெரிவிக்கப்பட்டது. 02:50 மூத்த மருத்துவர் வந்து பார்த்தார்.’ இதில் டாக்டர் மீது ஒரு சொல் குற்றமும் இல்லை. ‘பலமுறை அழைத்தும் டாக்டர் அலட்சியமாக வரவில்லை’ என்று எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: அலட்சியமா இல்லையா என்பதை முடிவுசெய்யும் வேலை நம்முடையதில்லை. கேஸ் ஷீட்டில் டாக்டரோடும், முந்தைய டியூட்டி சிஸ்டரோடும், ஆய்வகத்தோடும் சண்டை போடும் வரிகளை நோயாளியின் வழக்கறிஞர் மிகவும் ரசித்துப் படிப்பார்.

கண்டது வேறு, அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட முடிவு வேறு என்ற கவனம் எல்லா வரிகளுக்கும் பொருந்தும். ‘கட்டிலிலிருந்து விழுந்தார்’ என்று எழுதுவதற்கு விழுந்ததைப் பார்த்திருக்க வேண்டும்; பார்க்காவிட்டால் ‘கட்டிலின் இடப்பக்கத் தரையில் கிடந்தார், எழுந்தபோது தலைசுற்றி விழுந்ததாகச் சொன்னார்’ என்று எழுதலாம். ‘இரவு நன்றாகத் தூங்கினார்’ என்ற வரி, மயக்க நிலைக்குப் போய்க்கொண்டிருந்த தலைக்காய நோயாளியைப் பற்றியும் எழுதப்படுவதுண்டு. குடிபோதையில் இருந்தார் என்று எழுதிய செவிலியர், சர்க்கரை குறைந்தாலும் மண்டையில் ரத்தம் கசிந்தாலும் பேச்சு குழறும், நடை தள்ளாடும் என்பதை ஒரே சொல்லில் மூடிவிடுகிறார். வாயில் மது வாடை, பேச்சு குழறல், விரல் நுனிச் சர்க்கரை இத்தனை என்று எழுதியிருந்தால் அடுத்து வருபவர் அதைப் பார்த்து யோசிப்பார். நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே தமிழில் மேற்கோளுக்குள் போடுவதில் எந்தத் தடையும் கிடையாது. ‘நெஞ்சு வலி’ என்று ஆங்கிலத்தில் சுருக்கிவிட்டால், அவர் நெஞ்சு கரிக்கிறது என்றாரா, நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல இருக்கிறது என்றாரா என்பது தொலைந்துவிடும்.

மருந்துச் சார்ட்டைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன். மருந்தைக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து என்பதையும், கொடுக்காமல் விட்டால் காரணத்தோடு எழுத வேண்டும் என்பதையும் எத்தனை முறை சொல்வது. நம் நாட்டுக்கே உரிய ஆபத்து இன்சுலின். இங்கே குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100 யூனிட். அதற்கேற்பச் சிரிஞ்சும் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என்று வேறுபடும். 40 யூனிட் சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை இழுத்தால் எழுதிய அளவைப்போல இரண்டரை மடங்கு உள்ளே போகும், ஆனால் சார்ட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆகவே யூனிட் எண்ணோடு மருந்தின் வீரியத்தையும் எழுதுங்கள். யூனிட் என்பதை ஆங்கிலத்தில் U என்ற ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது பூஜ்யம்போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகும்; அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட தவிர்க்க வேண்டிய சுருக்கங்களின் பட்டியலில் அதுவும், 1.0 என்று எண்ணுக்குப் பின்னால் பூஜ்யம் போடுவதும் இடம்பெற்றன. இருபது ஆண்டுகள் கடந்தும் நம் சார்ட்டுகளில் இரண்டையும் தினமும் பார்க்கிறேன்.

தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பழைய எழுத்து படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, பெயரும் தேதியும் நேரமும் இட வேண்டும். ஒயிட்னர் கூடாது, பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதவும் கூடாது. எழுத மறந்ததை மறுநாள் எழுதலாம். ஆனால் எழுதும் நாளையும் நேரத்தையும் போட்டு, தாமதப் பதிவு என்று குறிப்பிட்டு, தாமதத்துக்கான காரணத்தையும் சொல்லி எழுத வேண்டும். நேற்றைய இரண்டு வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் செருகுவதுதான் சிக்கல். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை மருத்துவர்களைக் கட்டுப்படுத்துகிறது. உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில்தான் வருகிறது. குடும்பத்தார் நகல் வாங்கிப் போன பிறகு மூலத்தில் ஒரு சொல் கூடினாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுவார்கள்.

செவிலியர் குறிப்பு நேரடியாகக் குற்ற வழக்கில் போய் நிற்பது அரசு மருத்துவமனைகளின் தீக்காய வார்டில். விபத்துப் பதிவேட்டில், அதாவது வார்டு மொழியில் ஏ.ஆர். எண்ட்ரியில், கையெழுத்திடுவது மருத்துவர்தான். ஆனால் தீக்காயத்தோடு வந்த பெண்ணின் அருகில் இரவு முழுவதும் இருப்பவர் செவிலியர். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் இறக்கும் பெண் என்றால் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. அதற்கு முன் மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் பதிவுசெய்வார். வாக்குமூலம் தரும்போது அவர் தெளிவான மனநிலையில் இருந்தாரா என்பதுதான் பிறகு எல்லா விசாரணையிலும் முதல் கேள்வியாக எழும். மருத்துவரின் சான்று இல்லை என்பதற்காகவே வாக்குமூலத்தை ஒதுக்க வேண்டியதில்லை, பதிவுசெய்தவர் திருப்தி அடைந்திருந்தால் போதும் என்று 2002இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. அப்படியானால் அவர் நினைவோடு இருந்தாரா என்பதைக் காட்டும் மற்றச் சான்றுகளுக்கு மதிப்புக் கூடுகிறது. ‘22:40, பெயரையும் ஊரையும் குழந்தைகளின் பெயரையும் சரியாகச் சொன்னார். 22:50, வலிக்கு ஊசி போடப்பட்டது. 23:20, மாஜிஸ்திரேட் வந்தார்’ என்ற மூன்று வரிகள், ஊசியின் மயக்கத்தில் பேசினாரா என்ற வாதத்துக்கு இரு தரப்பும் தேடிப்போகும் இடமாக இருக்கும்.

அந்தப் பெண் தானாகச் சொல்வதை எழுதும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். கொண்டுவந்தபோது ‘ஸ்டவ் வெடிச்சிருச்சு’ என்று சொன்னவர், அறையில் செவிலியரைத் தவிர யாரும் இல்லாத நேரத்தில் வேறு ஒன்றைச் சொல்லக்கூடும். எது உண்மை என்று கண்டுபிடிப்பதும், அவரைத் துருவிக் கேட்பதும் நம் வேலை கிடையாது. முதலாவதைச் சொன்னபோது கணவரும் மாமியாரும் கட்டிலருகே நின்றார்கள், இரண்டாவதைச் சொன்னபோது யாரும் இல்லை என்ற தகவலைச் செவிலியர் மட்டுமே தர முடியும். அவர் சொன்னதை உடனே டியூட்டி டாக்டருக்கும் புறக்காவல் நிலையத்துக்கும் தெரிவித்த நேரமும் அதே இடத்தில் வர வேண்டும். வெட்டி எடுத்த துணிகளைப் போலீஸிடம் கொடுத்தால் யாரிடம், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

எழுதக் கூடாத இடங்களும் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவரின் கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதுவது, கட்டிலுக்கு மேலே பலகையில் குறியிடுவது ஆகிய பழக்கங்கள் இன்னும் முற்றாக ஒழியவில்லை. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்தத் தகவலைப் பாதுகாக்கும் கடமையை மருத்துவமனைகள் மீது வைத்திருக்கிறது. எல்லாருடைய ரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பதால் அந்த சிவப்பு எழுத்துக்கு மருத்துவக் காரணமும் கிடையாது.

சிகிச்சை முடியுமுன் வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்களிடம் ‘எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்’ என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் தப்பித்துவிட்டோம் என்ற எண்ணமும் அந்தத் தலைகீழ்ப் புரிதலின் பிள்ளைதான். எதைப் புரிந்துகொண்டு பொறுப்பேற்றார்கள் என்பது அந்த வரியில் இல்லை. போனால் என்ன ஆகலாம் என்று யார், எந்த மொழியில் சொன்னார்கள், நோயாளியே முடிவெடுத்தாரா அல்லது அவர் நினைவோடு இருக்கும்போதே உறவினர் முடிவெடுத்தாரா, போகும் நேரத்தில் ரத்த அழுத்தமும் மூச்சும் எப்படி இருந்தன, எந்த மாத்திரைகள் கொடுத்தனுப்பப்பட்டன, எந்த அறிகுறி வந்தால் திரும்பி வரச் சொன்னோம் என்று எழுதினால் அந்தக் கையெழுத்துக்குப் பொருள் உண்டு.

முறையாக வீட்டுக்கு அனுப்பும் நாளின் பதிவுக்கும் இது பொருந்தும். 1996இல் எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில் 1,250 கிராம் எடையோடு பிறந்த பெண் குழந்தையின் வழக்கைச் செவிலியர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு வரக்கூடிய விழித்திரைப் பாதிப்புக்கான கண் பரிசோதனை செய்யப்படவில்லை, செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லப்படவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குழந்தைக்கு அப்போது பதினெட்டு வயது. பரிசோதனைக்கு உத்தரவிடுவது மருத்துவரின் வேலைதான். எனினும் டிஸ்சார்ஜ் தாளைத் தாயின் கையில் கொடுத்து விளக்குவது எந்த மருத்துவமனையிலும் செவிலியர்தான், அந்த நேரத்தில் தாளில் ஒரு பரிசோதனை விடுபட்டிருப்பதைக் கண்டு கேட்கக்கூடிய கடைசி ஆளும் அவர்தான். என்ன விளக்கினோம், தாய் அதைத் தம் வார்த்தையில் திருப்பிச் சொன்னாரா என்பதைப் பதிவுசெய்வதற்கு நம் படிவங்களில் பெரும்பாலும் ஒரு டிக் பெட்டிதான் இருக்கிறது. பெட்டிக்குப் பக்கத்தில் கையால் இரண்டு வரி எழுதச் சொல்கிறேன்.

கணினிப் பதிவு வந்த பிறகு இந்தத் தொல்லையெல்லாம் தீரும் என்றார்கள். நேரத்தை இயந்திரமே போட்டுவிடுகிறது என்பது நல்லதுதான். ஆனால் ‘சிஸ்டர், உங்க ஐ.டி. ஓப்பனா இருக்கு, அதிலயே போட்டுடறேன்’ என்பது எல்லா நர்ஸிங் ஸ்டேஷனிலும் கேட்கும் பேச்சு. நேற்றைய குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதால், அகற்றிவிட்ட சிறுநீர்க்குழாய் மூன்று நாள் கழித்தும் நோயாளிக்கு இருக்கிறது. ஆறு மணிக்குப் பார்த்ததாகக் குறித்ததை எட்டு மணிக்கு உள்ளிட்டால் இரண்டு நேரங்களையும் கணினி வைத்திருக்கும், வழக்கில் கேட்டால் இரண்டையும் எடுத்துக் கொடுக்கும். வாட்ஸ்அப்பில் வரும் உத்தரவு இன்னொரு தலைவலி. டாக்டர் செய்தியை அழிக்கலாம், செவிலியர் கைபேசியை மாற்றலாம். வந்த நேரத்தையும் சொற்களையும் கேஸ் ஷீட்டில் தொலைபேசி உத்தரவைப் போலவே எழுதி, டாக்டர் அடுத்த சுற்றில் வரும்போது கையெழுத்து வாங்குவது தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, நாற்பது நோயாளிகளுக்கு இரண்டு பேர் இருக்கும் இரவில் இதையெல்லாம் எப்போது எழுதுவது என்று கேட்கும் செவிலியர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் கேட்பது நியாயம். ஆள் பற்றாக்குறையை நோயாளியின் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டாம். அன்றைய டியூட்டியில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள், யாரிடம் ஆள் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதி நர்சிங் சூப்பரின்டென்டென்ட் பார்வைக்கு வையுங்கள். ஒவ்வொரு டியூட்டியிலும் எழுதுங்கள். அப்படிப்பட்ட இரவில் எதை முதலில் எழுதுவது என்பதற்கு நான் சொல்லித்தரும் வரிசை இது. யாருடைய நிலை மாறியதோ அவருக்கு நடந்தவையும் யாரை எப்போது அழைத்தோம் என்பதும் முதலில், அங்கேயே, கட்டிலருகில். கொடுத்த மருந்துகள், கொடுக்காமல் விட்டவை அதற்கு அடுத்து. நோயாளி வேண்டாம் என்று மறுத்தவை மூன்றாவது. நிலை மாறாத முப்பது பேருக்கும் பத்தி பத்தியாக ஒரே வாசகத்தை எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. உண்மையாகப் பார்த்த எண்கள் சார்ட்டில் இருந்தால் போதும், பார்க்க முடியாமல் போன நேரத்தின் கட்டத்தில் எண் போடாமல், பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.